மொட்டைமாடியில் மூன்று பேட்டரிகள்

தனலக்ஷ்மி கரன்ட் சமாச்சாரத்தில் கை வைத்தது ஐம்பது வயது தாண்டிய பிறகு. அதுவரை அவளுக்குத் தெரிந்த கரன்ட் வேலை, ஃப்யூஸ் போனால் படியிறங்கிப் போய் ஹவுஸ் ஓனர் பெர்னதெத் ஆன்ட்டியைக் கூப்பிடுவது ஒன்றுதான்.

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். வீட்டு ஆண்கள் எல்லோரும் சுரங்கத்தில் இறங்கினவர்கள். அத்தை மகன் அசோகனைக் கட்டிக்கொண்டபோது அவரும் பாறையில் துளை போடுகிற மிஷினில் இருந்தார். பத்து வருஷம் அந்தத் தூசியைக் குடித்தார். பிறகு ஒருநாள் காலில் கல் விழுந்து எலும்பு நொறுங்க, மேலே லேம்ப் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். சுரங்கத்துக்குள் போகிறவர்கள் தொப்பியில் மாட்டிக்கொள்ளும் விளக்கின் பேட்டரிகளை அலமாரி அலமாரியாக அடுக்கி சார்ஜ் ஏற்றுகிற இடம் அது. அங்கேயே ஓய்வு பெறலாம் என்று நினைத்திருந்தார். சுரங்கத்தையே மூடிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஊரில் பாதிப்பேர் செய்ததைத்தான் அவரும் செய்தார். விடியற்காலை ரயிலேறி பெங்களூர் வந்து, ஏதோ ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் நின்றுவிட்டு, ராத்திரி ரயிலில் திரும்பினார். உடம்பு அதற்கும் ஒத்துவராமல் போனபோது வீட்டைக் காலி செய்துகொண்டு லிங்கராஜபுரத்துக்கே வந்துவிட்டார்கள். பெர்னதெத் ஆன்ட்டி வீட்டு முதல் மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. தனலக்ஷ்மி கம்மனஹள்ளி கடைகளிலிருந்து புடவைகள் வாங்கி வந்து ஃபால் தைத்து, பீக்கோ அடித்துக் கொடுத்தாள். மகள் ரூபினியை ஓசூரில் கட்டிக் கொடுத்தார்கள்.

அசோகனுக்கு இருமல் வந்ததும் டி.பி. என்றார்கள். மாத்திரை முடிந்த கொஞ்ச நாளில் மறுபடியும் இருமல், மறுபடியும் டி.பி. என்றார்கள். மூன்றாவது முறை போனபோது ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இவர் முன்னாடி என்ன வேலை செய்தார்?” என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. கல்தூசி உள்ளே படிந்து நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, இதைக் கரைக்க மருந்து கிடையாது, இனி ஆக்சிஜன்தான் என்றார். ஒரு டிரஸ்ட்டிலிருந்து ஆக்சிஜன் மிஷின் ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மிஷின். கட்டிலுக்குப் பக்கத்தில் அது இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டால் அது நின்றால்தான் தூக்கம் கெடும்.

நின்றது. ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்து, ஹென்னூர் ரோட்டில் மரங்கள் சாய்ந்து, தெருவே இருண்டுபோனது. அவசரத்துக்கு என்று வைத்திருந்த சின்ன சிலிண்டர் கொஞ்ச நேரத்தில் காலியானது. அதில் மறுபடி காற்று நிரப்ப ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். அவரைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவது? தனலக்ஷ்மி புடவை மடித்து வைக்கும் அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விசிறினாள். விசிறுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. கரன்ட் வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே மயங்கிச் சரிந்திருந்தார். மிஷின் ஓட ஆரம்பித்தும் வெகுநேரம் அவள் அட்டையைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் அசோகன் பேசினார். ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று வார்த்தைகளுக்கு மேல் அவருக்கு வராது.

“தனம்… பேட்டரி வச்சா… ஓடும்.”

“எந்தப் பேட்டரி மாமா?”

“காரு பேட்டரி. கீழ ஆன்ட்டிகிட்ட… பழய இன்வெர்ட்டர்… கீது.”

இருந்தது. மெல்போர்னில் இருக்கும் ஆன்ட்டியின் பையன் வந்தபோது புதிது வாங்கி மாட்டிவிட்டுப் போனதால், பழையது மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. “எடுத்துக்கோம்மா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. பேட்டரிதான் செத்துப்போச்சு” என்றார் பெர்னதெத் ஆன்ட்டி. புது பேட்டரி வாங்குவதை அவர்கள் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

ஃப்ளைஓவருக்குக் கீழே சுஹாஸ் என்பவன் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். கன்னடக்காரன், லிங்கராஜபுரத்திலேயே வளர்ந்ததால் தமிழும் சரளமாக வரும். மூலையில் பழைய கார் பேட்டரிகளைக் குவித்து வைத்திருப்பான், பழைய சாமான்காரன் வந்து எடுத்துப் போகிற வரைக்கும். தனலக்ஷ்மி போய் அதில் மூன்று வேண்டும் என்றாள்.

“அக்கா, இது சத்தோகிதே. உயிரே இல்ல. வண்டிய ஸ்டார்ட் பண்ண முடியாதுன்னுதானே தூக்கிப் போட்டாங்க?”

“எனுக்கு வண்டி ஓட்ட வேணாம்ப்பா. மாமாவுக்குக் காத்து ஓடணும்.”

சுஹாஸ் குவியலைக் கலைத்து, வயிறு உப்பாதது, ஓடு விரியாதது என்று மூன்றைப் பொறுக்கி, அவனே ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான்.

அசோகன் கட்டிலில் இருந்தபடியே மூடிகளைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். தகடுகளின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

“சாவல,” என்றார். “ஒறஞ்சி… போயிருக்கு. பெரிய சார்ஜர்ல போட்டா… சூடாயி பூடும். கம்மி கரன்ட்டு… நாள் கணக்கா. பட்டினி கெடந்தவனுக்கு… கஞ்சி ஊத்தற மாரி.”

கம்மி கரன்ட் கொடுக்கிற அந்த சார்ஜரைத்தான் செய்ய வேண்டியிருந்தது. செய்கிற கை அவளுடையது. அவர் கை நடுங்கும்.

பெர்னதெத் ஆன்ட்டியை அவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு தனலக்ஷ்மி, கரன்ட் சாமான் கடைகள் நெருக்கியடிக்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறினாள். பதினஞ்சு வோல்ட்டு ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரு பிரிட்ஜ் என்று வழியெல்லாம் உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனாள். சந்துக்குள் சந்தாகப் போய், பழைய மிஷின்களைப் பிரித்து விற்கிற ஒரு கடையில் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைத்தது, செங்கல் கனம். பிரிட்ஜ் என்பது தீப்பெட்டியில் பாதி அளவு கறுப்புக் கட்டை, நாலு கால். வீட்டுக் கரன்ட் போய்வந்து போய்வந்து ஓடும், பேட்டரிக்கு ஒரே பக்கமாகப் போகிற கரன்ட்தான் வேண்டும், அதை இந்தக் கட்டை திருப்பிவிடும் என்று அசோகன் சொல்லியிருந்தார்.

தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பலகையைத் தரையில் போட்டாள். அவர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, அவளுடைய துணி அளக்கும் ஸ்கேலால் தொட்டுக் காட்டுவார்.

“அது இல்ல… பக்கத்துக் காலு.”

“இதுவா?”

“இன்னாமே… கண்ணு… தெரியலயா?”

“நீங்கதான் தப்பாக் காட்றீங்க. ஸ்கேலு ஆடுது.”

அவர் சிரிக்கப் போனால் இருமலாகிவிடும். அதனால் சிரிக்க வைக்காமல் சண்டை போடக் கற்றுக்கொண்டாள்.

ஈயம் வைத்துப் பற்ற வைக்கும்போது எழுகிற புகை அவர் நெஞ்சுக்கு ஆகவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பற்றவைத்து, ஆறினதும் உள்ளே கொண்டுவந்து காட்டுவாள். முதல் தடவை பிளக்கில் மாட்டியபோது ‘டப்’ என்று சத்தம். வீட்டு ஃப்யூஸோடு கறுப்புக் கட்டையும் போனது. நாலு காலில் இரண்டை மாற்றிப் பிடித்திருந்தாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும் அவர், “எஸ்.பி. ரோடு பஸ்ஸு… எத்தினி மணிக்கு?” என்றார்.

இரண்டாவது முறை சரியாக வந்தது. பேட்டரிக்குப் போகிற வயரின் நடுவே, சுஹாஸ் கொடுத்த ஹெட்லைட் பல்ப் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். கரன்ட் மிஞ்சிப் போகாமல் அது பிடித்துக்கொள்ளும். பேட்டரி கரன்ட்டைக் குடித்தால் பல்ப் எரியும், குடிக்காவிட்டால் எரியாது.

பல்ப் எரியவில்லை. அன்றைக்கும் எரியவில்லை, மறுநாளும் எரியவில்லை. தனலக்ஷ்மி புடவை தைத்துக்கொண்டே அதைப் பார்ப்பாள்; சோறு பொங்கிக்கொண்டே பார்ப்பாள். அந்தச் சமயத்தில் அவளுக்கு அந்தப் பல்ப்மேல் வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை. மூன்றாம் நாள் அவருக்குக் காலை மாத்திரை கொடுக்கும்போது, “அங்க பாரு,” என்றார். கண்ணாடிக்குள் தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு. கையைக் குவித்து நிழல் கட்டினால்தான் தெரிகிற வெளிச்சம். ராத்திரிக்குள் அது மஞ்சளானது. அசோகன் கட்டில் சட்டத்தை இரண்டு தரம் தட்டினார். லேம்ப் ரூமில் ஒரு ஷிஃப்ட் விளக்குகள் எல்லாம் ஏறி முடிந்தால் அப்படித்தான் தட்டுவார்களாம்.

ஆனால் பேட்டரி குடிக்க ஆரம்பித்ததும் கொதிக்கவும் ஆரம்பித்தது. மூடித் துளைகளில் நுரை. அறை முழுக்க மூக்கைக் கரிக்கிற ஆசிட் நெடி. அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டு நிற்கவே இல்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்ன மிஷினில் எண் மளமளவென்று இறங்கியது. அவள் ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டுவிட்டு, பேட்டரியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவரைக் காப்பாற்ற வந்த சாமானை அவர் பக்கத்திலேயே வைக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மொட்டைமாடி ஒன்றுதான் இடம். பெர்னதெத் ஆன்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

“வெடிச்சா யாரும்மா பதில் சொல்றது? கீழ நான் ஒருத்தி இருக்கேன், பக்கத்து வீட்டுல குழந்தைங்க இருக்கு.”

“திறந்த வெளியில வச்சா ஒண்ணும் ஆவாதாம் ஆன்ட்டி. கேஸ் எல்லாம் காத்துல பூடுமாம். அவரு பார்த்த வேலை இது.”

ஆன்ட்டி உள்ளே போய்விட்டார். சாயங்காலம் மாடிக் கதவுச் சாவியை எடுத்துவந்து கொடுத்தார். “தண்ணி டேங்குக்குக் கீழ வை. சுவத்துல ஒட்டாம வை,” என்றவர், “மழைக்கு மூட ஏதாவது இருக்கா?” என்றும் கேட்டார்.

சின்டெக்ஸ் டேங்குக்குக் கீழே பலகை போட்டு மூன்றையும் வைத்தாள். அசோகனின் ஒரே கட்டளை இதுதான்: “மொதல்ல சுவிட்ச். அப்புறம் கிளிப். மறக்காத.” கேஸ் சூழ்ந்திருக்கும்போது கிளிப்பைப் பிடுங்கினால் தீப்பொறி வரும். லேம்ப் ரூமில் அப்படி ஒருவனுக்குத் தாடை பிய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறார். தினம் அவள் மாடி ஏறும்போதெல்லாம் அதையே சொல்வார். அவளும் “சரி மாமா” என்பாள்.

மூன்றில் ஒன்று நன்றாகத் தேறியது. மற்ற இரண்டும் அரைகுறை. ஆனால் மூன்றையும் சேர்த்துக் கட்டினால் கரன்ட் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிஷின் ஓடியது. மே மாதம் வானம் கறுத்தாலே அவள் இப்போது பதறுவதில்லை. கரன்ட் போனதும் இன்வெர்ட்டர் ஒரு கனைப்புக் கனைக்கும், ஆக்சிஜன் மிஷின் நடுவில் ஒரு நொடி திக்கி மறுபடி ஓடும், அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொள்வார். கரன்ட் திரும்பியதும் பேட்டரிகளை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிப் போவாள். சார்ஜ் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கீழே தூக்கி வருவாள். இடுப்பு விட்டுப்போனது. கட்டியிருந்த புடவைகளில் எல்லாம் ஆசிட் பட்டு ஓட்டை. விரல் நுனிகளில் தோல் உரிந்து, பட்டுப் புடவை தைக்கும்போது நூலில் சிக்கிக்கொண்டது. கடைக்காரர் முகம் சுளித்து, பட்டெல்லாம் இனி வேறு ஆளிடம் கொடுப்பதாகச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அப்படி ஒரு சாயங்காலம் தெருவே இருட்டாகக் கிடந்தபோது, அசோகன் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “இந்த லைன்லயே… நம்ம வூட்லதான்… மிஷின் ஓடுது,” என்றார். அந்த மே மாதத்தில் அவர் முகத்தில் அவள் பார்த்த பெருமை, சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஜூன் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை. பெர்னதெத் ஆன்ட்டி நவநாள் ஜெபத்துக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கே வானம் இருண்டு, இடியும் மழையுமாகக் கரன்ட் போனது. இரண்டு பேட்டரிகள் கீழே இருந்தன; தேறிய ஒன்று மாடியில், காலையிலிருந்து சார்ஜில் இருந்தது. மழைக்கு அதன் மேல் தார்பாய் போர்த்தியிருந்தாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். இன்வெர்ட்டர் ‘கீ கீ’ என்று கத்த ஆரம்பித்தது. கீழே இருந்த இரண்டும் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் அவளைப் பார்த்தார்.

“இதோ எட்த்தாந்துட்றேன் மாமா. அசையாம உக்காருங்க.”

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினாள். டேங்குக்குக் கீழே மழை அவ்வளவாக விழவில்லை. தார்பாயின் ஒரு மூலையை விலக்கினாள். உள்ளே மூடி வைத்த பாத்திரம் மாதிரி கதகதப்பும் நெடியும். சுவிட்ச் மறுகோடியில், மாடிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கரன்ட்தான் இல்லையே, எதற்கு அவ்வளவு தூரம் போய் அணைப்பது? கீழே இன்வெர்ட்டர் கத்துகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. குனிந்து கிளிப்பைப் பிடித்துப் பிடுங்கினாள்.

அந்தக் கணத்தில் கரன்ட் வந்தது.

நீலமாக ஒரு பொறி. அவ்வளவுதான் அவள் பார்த்தது. சத்தத்தை அவள் கேட்டதாக நினைவில்லை. யாரோ முகத்தில் கொதிக்கிற எண்ணெயை வாரி அடித்தது போலிருந்தது. பின்னால் விழுந்து, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, ஈரச் சிமென்ட்டில் உருண்டாள். கத்தினாள் என்றுதான் நினைக்கிறாள். தெருவில் இருந்தவர்கள் இன்னொரு இடி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கீழே அசோகனின் மிஷின் மறுபடி வீட்டுக் கரன்ட்டில் ஓடத் தொடங்கியிருந்தது. வெடித்த சத்தம் அவருக்கு இடியாகப் படவில்லை. மூக்கிலிருந்து குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தார். குளியலறைக்குப் போகவே அவள் தோளைப் பிடித்துக்கொள்கிற மனிதர். அந்தப் படிகளை எப்படி ஏறினார் என்பதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கைப்பிடிச் சுவரில் நெடுக அவர் உள்ளங்கை உரசின தடம் மட்டும் ஈரமாகத் தெரிந்ததாக, பிறகு வந்த பெர்னதெத் ஆன்ட்டி சொன்னார்.

தனலக்ஷ்மிக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தது. தலை எதிலோ முட்டியது. டேங்க் குழாய் திறந்தது. தண்ணீர் முகத்தில் கொட்டியது. கண்ணைப் பொத்தியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, இமையைப் பிதுக்கி, திறந்த கண்ணுக்குள் தண்ணீர் நேராக விழும்படி யாரோ பிடித்துக்கொண்டார்கள். அவள் திமிறினாள். அந்தக் கை விடவில்லை. இப்போதெல்லாம் தண்ணீர் டம்ளரைத் தூக்கினாலே நடுங்குகிற கைதான் அது.

அப்போதுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. அடைத்த குழலில் ஊதுகிற மாதிரி, இழுத்து, அறுந்து, மறுபடி இழுத்து.

“மாமா? மாமா, நீங்க ஏன் வந்தீங்க? கீழ போங்க!”

வந்தது மூச்சுதான்.

“போதும் மாமா. எனுக்கு ஒண்ணுமில்ல. கொழா மாட்டிக்குங்க, போங்க.”

அவர் போகவில்லை. நிற்க முடியாமல் அவர் உடம்பு சரிந்து உட்காருவதை உணர்ந்தாள். அவள் தலையும் அவரோடு இறங்கி அவர் மடியில் விழுந்தது. உட்கார்ந்தபடியே டேங்கின் ரப்பர் குழாயை இழுத்து, ஒரு கண், மறு கண் என்று மாற்றி மாற்றிப் பிடித்தார். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் உதடு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை என்பதுதான் எரிச்சலைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. மூச்சுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

பெர்னதெத் ஆன்ட்டி கோயிலிலிருந்து வந்து, மாடியிலிருந்து படி வழியாகத் தண்ணீர் வழிவதைப் பார்த்துத் திட்டிக்கொண்டே ஏறி வந்தார். அப்புறம் அவர் போட்ட கூச்சல் ஃப்ளைஓவர் வரை கேட்டது. சுஹாஸ், ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு காரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் பிரித்துவிட்டார்கள். நெஞ்சுக்கு ஒரு ஆஸ்பத்திரி, கண்ணுக்கு வேறொரு ஆஸ்பத்திரி. “நான் அவருகூடப் போறேன்” என்று அவள் அடம்பிடித்தாள். “அம்மா, லேட் பண்ணினா இருக்கிற கண்ணும் போயிடும்” என்று ஒரு நர்ஸ் அதட்டினாள். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு ஒரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஓசூரிலிருந்து ரூபினி வந்து அங்கும் இங்குமாக அலைந்தாள். அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் தனலக்ஷ்மி, “பேசினாரா?” என்று கேட்பாள். “இல்ல” என்பாள் ரூபினி. அப்போதே அந்தக் குரலில் ஏதோ இருந்தது.

வலது கண் கட்டை அவிழ்த்த அன்றைக்கே, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் ஆட்டோ பிடித்து அவரிடம் போனாள். முகம் முழுக்க மூடின மாஸ்க். மார்பு மட்டும் ஏறி இறங்கியது. அவள் பக்கத்தில் வந்ததும் கண் திறந்தார். கையைத் தூக்க முயன்றார். இரண்டு விரலால் தன் கண் இமையைப் பிரித்துக் காட்டி, அவளை நோக்கி மோவாயை அசைத்தார்.

“தெரியுது மாமா,” என்றாள். “ரெண்டுலயும் நல்லாத் தெரியுது. உங்க தாடி நரச்சது கூடத் தெரியுது.”

இடது கண்ணில் கட்டு அப்படியேதான் இருந்தது. அதற்குள் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை என்று டாக்டர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவர் அந்தக் கட்டைப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, கையை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

ஊருக்குக் கொண்டுபோகவில்லை. கல்பள்ளி சுடுகாட்டில் எரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய வழக்கத்தில் அவள் காது அந்த உறுமலைத் தேடியது. டிரஸ்ட் ஆள் வந்து மிஷினை எடுத்துப் போயிருந்தான். ராமமூர்த்தி நகரில் யாருக்கோ உடனே தேவைப்பட்டதாம்.

காரியம் முடிந்த அன்று ரூபினி வெடித்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள்.

“அந்தக் கர்மத்த நீ செய்யாம இருந்திருந்தா அப்பா இன்னிக்கி இருந்திருப்பாரு. கரன்ட் வந்துட்ச்சி இல்ல? அவருக்குக் காத்து வந்துட்ச்சி இல்ல? நீ மேல வெடிக்க வச்சுட்டு கத்தினதாலதான அவரு எந்திரிச்சாரு?”

தனலக்ஷ்மிக்குச் சொல்ல இருந்தது. ஏப்ரலில் உதடு நீலமாகி அவர் சரிந்து கிடந்ததை இந்தப் பெண் பார்த்ததில்லை. மே மாதம் முழுக்க அந்த மூன்று பேட்டரிதான் அவரை வைத்திருந்தது. ஆனால் கதவுப் பக்கம் இருந்த சுவிட்ச்சும் நிஜம்தான். எத்தனை அடி நடந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் மற்றது கூடவே வந்து நிற்கும் என்று தோன்றியது. சுவரில் இருந்த அவர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் நடுவில் எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரூபினி அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று தனலக்ஷ்மிக்குத் தெரியும். ஆசிட் தின்ற இடத்தில் சிமென்ட் சொரசொரவென்று வெளுத்துப் போயிருக்கும். மற்ற சாமான்களை சுஹாஸ் எடுத்துப்போய்விட்டான். ரப்பர் குழாய் மட்டும் டேங்கில் மாட்டினபடியே தொங்கும்.

இறங்கி வந்தவள் ஓசூருக்குக் கிளம்பத் தன் பையை எடுக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் இருந்த சொட்டு மருந்துச் சீசாக்களை எடுத்து, எது முதலில், எது அப்புறம் என்று திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாள் அதைப் போட்டுவிட்டது பெர்னதெத் ஆன்ட்டி. தனலக்ஷ்மியே போட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழிந்துவிடும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை.

“படு,” என்றாள் ரூபினி.

தனலக்ஷ்மி பாயில் மல்லாந்து படுத்தாள். மகள் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கட்டைப் பிரித்து, இமையை விரலால் விலக்கினாள். கண்ணைப் பார்த்ததும் அவள் கை ஒரு நிமிஷம் நின்றுபோனது. கட்டில்லாமல் அந்தக் கண்ணை மகள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“மேல பாரு.”

“பாக்கறேன்.”

“எரியுதா?”

“எரியுது.”

“அசையாத,” என்று சொல்லிவிட்டு ரூபினி அடுத்த சீசாவைத் திறந்தாள்.